தேய்ந்த ஸ்னோமொபைல் டிராக்கில் ஸ்டட் பொருத்துவது: பல் உயரம் அளப்பது முதல் கடைசி நட்டு வரை

ஸ்னோமொபைல் என்ற பனிவண்டியின் அடியில் சுழலும் அகலமான ரப்பர் பட்டைதான் டிராக். தளர்ந்த பனியில் வண்டியைத் தள்ளுவது டிராக்கின் ரப்பர் பல். உறைந்த ஏரியிலும், பல வண்டிகள் ஓடி இறுகிக் கண்ணாடியாகிவிட்ட பாதையிலும் ரப்பர் வழுக்கும். அங்கே ஸ்டட், அதாவது டிராக்கில் பூட்டிய கூர்முனை போல்ட், இருந்தால்தான் பிடிப்பு கிடைக்கும், பிரேக்கும் பிடிக்கும். பல் தேய்ந்த டிராக்கில் ஸ்டட் போட்டால் பழைய பிடிப்பு திரும்பிவிடும் என்று நினைப்பவர்கள் நிறைய. ஐஸில் அது சரி. ஆழமான பனியில் தேய்ந்த பல் தேய்ந்த பல்தான், நூறு ஸ்டட் போட்டாலும் அது பனியை அள்ளாது.

தேய்ந்த டிராக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஸ்டட் நீளத்தைப் பெரும்பாலோர் வண்டியின் விவரக் குறிப்பில் அச்சிட்டிருக்கும் பல் உயரத்தை வைத்துத்தான் வாங்குகிறார்கள். அந்த உயரம் வண்டி புதிதாக இருந்தபோது இருந்தது. இன்றைக்கு உள்ள உயரம் வேறு. வளைந்த ஸ்டட், கிழிந்த துளை, கீறிய டனல் (டிராக்கை மேலிருந்து மூடும் உலோகக் கூடு) ஆகியவற்றில் பெரும்பகுதி இந்த ஒரு தவறில்தான் தொடங்குகிறது.

முதலில், இந்த டிராக் தாங்குமா?

வண்டியின் பின்பகுதியை அகலமான ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, டிராக்கைக் கையால் ஒரு முழுச் சுற்று உருட்டிப் பாருங்கள். அவசரம் வேண்டாம், ஒவ்வொரு வரிசையாகப் பார்க்க வேண்டும். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் ஸ்டட் வாங்கும் பணத்தைப் புது டிராக்குக்கு ஒதுக்குவதுதான் புத்திசாலித்தனம்:

- ரப்பருக்குள்ளிருந்து நூலிழை வெளியே தெரிவது, அல்லது அடுக்குகள் பிரிந்து கொப்புளம் போல எழும்பியிருப்பது.
- குறுக்கே ஓடும் கண்ணாடியிழைக் கம்பி உடைந்திருப்பது. டிராக்கின் விளிம்பைப் பிடித்து மடக்கிப் பாருங்கள். மற்ற வரிசைகள் விறைப்பாக இருக்க ஒன்று மட்டும் தொளதொளவென்று வளைந்தால் உள்ளே கம்பி போய்விட்டது. சில நேரம் கம்பியின் முனை விளிம்பில் நீட்டிக்கொண்டே நிற்கும்.
- பற்சக்கரம் கடிக்கும் ஜன்னல் துளைகளின் மூலைகளிலிருந்து விரிசல் கிளம்பியிருப்பது.
- அடுத்தடுத்த வரிசைகளில் பற்கள் வேரோடு பிய்ந்திருப்பது.

ஜன்னல் துளைகளுக்கு இடையே மாட்டியிருக்கும் உலோகக் கிளிப் ஒன்றிரண்டு கழன்றிருந்தால் அது குறையல்ல. புதிது போட்டுவிட்டு வேலையைத் தொடரலாம்.

அடுத்து, எல்லா டிராக்கும் ஸ்டட்டுக்கு ஏற்றதல்ல. ஸ்கீ-டூ வண்டிகளைத் தயாரிக்கும் பிஆர்பி, ஸ்டட் போட அனுமதித்த டிராக்கின் மேற்பரப்பிலேயே அதற்கான குறியை வார்த்துவிடுகிறது. 35 மி.மீ. அல்லது அதற்கு மேல் பல் உயரம் கொண்ட டிராக்கில் ஸ்டட் போடக் கூடாது என்றும் அதன் கையேடு சொல்கிறது. உயரமான பல் கொண்ட டிராக்குகள் ஆழப்பனிக்காக மெலிதான, நெகிழ்வான உடலுடன் செய்யப்படுகின்றன. துளையைத் தாங்கும் கனம் அவற்றில் இல்லை. 44 மி.மீ. பல் தேய்ந்து 32-க்கு வந்துவிட்டது, இனி போடலாமே என்று கணக்குப் போடாதீர்கள். பல் குறைந்ததே தவிர உடல் கனக்கவில்லை.

அளவெடுப்பு

வெர்னியர் காலிப்பரின் ஆழம் அளக்கும் கம்பி போதும். பல்லின் உச்சியிலிருந்து, பற்களுக்கு இடையே உள்ள சமதளம் வரை அளக்க வேண்டும். டிராக் முழுவதும் பரவலாகப் பன்னிரண்டு இடங்களில், ஒவ்வொன்றிலும் நடுப்பகுதியில் ஓர் அளவு. மிகக் குறைந்ததையும் மிகக் கூடியதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஓரப் பற்கள் வேறு மாதிரி தேய்ந்திருக்கும். ஸ்டட் நடுவில்தான் போகப்போகிறது என்பதால் அவற்றை விட்டுவிடலாம்.

பல்லின் உச்சிக்கு மேலே ஸ்டட்டின் முனை 6 முதல் 9.5 மி.மீ. வரை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். 9.5 மி.மீ., அதாவது 3/8 அங்குலம், பிஆர்பி கையேடு வகுத்த உச்ச எல்லை. மற்ற வண்டிகளுக்கும் அதைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

ஓர் உதாரணம். டிராக் புதிதில் 1.25 அங்குலப் பல், அதாவது ஏறத்தாழ 32 மி.மீ. இப்போது 25 மி.மீ. அச்சிட்ட அளவை நம்பி, 9.5 மி.மீ. நீட்டும்படி ஸ்டட் வாங்கினால், பொருத்திய பிறகு அது 16.5 மி.மீ. நீட்டி நிற்கும். ஸ்டட்டைப் பக்கவாட்டில் தாங்கிப் பிடிப்பது சுற்றியுள்ள பல்தான். தாங்கும் பகுதி 7 மி.மீ. குறைந்து, நெம்பும் பகுதி 7 மி.மீ. கூடினால், கடினமான ஐஸில் ஒவ்வொரு முறை கடிக்கும்போதும் ஸ்டட் பின்னால் சாய்ந்து அடித்துளையை அகட்டும். அதோடு டனலின் கூரையில் உள்ள, எஞ்சினின் குளிர்விப்பு நீரை ஆறவைக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சருக்கு 7 மி.மீ. நெருங்கியும் விடும்.

எனவே, மிகத் தேய்ந்த இடத்திலும் 9.5-ஐத் தாண்டாத நீளத்தைத் தேர்ந்தெடுங்கள். அதே ஸ்டட் மிக உயர்ந்த பல் உள்ள இடத்தில் 6 மி.மீ.க்குக் குறைவாக நீட்டும் என்று கணக்கு வந்தால் டிராக் சமமில்லாமல் தேய்ந்திருக்கிறது. அந்த டிராக்கில் ஸ்டட் போட்டுப் பயனில்லை.

நீளத்தை எங்கிருந்து எங்கு அளக்கிறார்கள் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். தலையையும் டிராக்கின் கனத்தையும் சேர்த்துச் சொல்பவர்களும் உண்டு, சேர்க்காமல் சொல்பவர்களும் உண்டு. மொத்தமாகப் பெட்டியைப் பிரிக்கும் முன் ஒரே ஒரு துளை போட்டு, ஒரே ஒரு ஸ்டட்டைப் பூட்டி, காலிப்பர் வைத்துப் பாருங்கள். தவறாக இருந்தால் ஒரு துளையோடு போகும், மீதியைத் திருப்பிக் கொடுக்கலாம்.

எத்தனை ஸ்டட்?

ஒரு குதிரைத்திறனுக்கு ஒரு ஸ்டட் என்று பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு புது டிராக்குக்குச் சரி. தேய்ந்த டிராக்கில் ஒவ்வொரு துளையும் ஒரு காயம், குறைவாகப் போடுவதே மேல். 121 அங்குல டிராக்குக்கு 96 என்பது பாதையில் சாதாரணமாக ஓட்டுபவருக்குத் தாராளம். 144-க்கு மேல் போவது ஏரிப் பந்தயக்காரர்களின் கணக்கு, அவர்கள் அதைப் புது டிராக்கில்தான் செய்வார்கள்.

எண்ணிக்கையை முடிவுசெய்ய, டிராக்கில் எத்தனை பிட்ச் (ஒரு பல்வரிசையிலிருந்து அடுத்தது வரையுள்ள நீளம்) இருக்கிறது என்று தெரிய வேண்டும். பத்துப் பிட்ச் நீளத்தை அளந்து பத்தால் வகுங்கள். 64 மி.மீ. வந்தால் அது 2.52 அங்குலப் பிட்ச். 72.6 மி.மீ. வந்தால் 2.86 அங்குலம். 121 அங்குலம், 2.52 பிட்ச் என்றால் 48 வரிசை. 136 அங்குலம், அதே பிட்ச் என்றால் 54. 137 அங்குலம், 2.86 பிட்ச் என்றால் மறுபடி 48. 129 அங்குலம், 2.86 என்றால் 45. வரிசைக்கு இரண்டு வீதம் போட்டால் முறையே 96, 108, 96, 90. கைவசம் ஆறு உபரி வைத்துக்கொள்ளுங்கள், ஓரிரண்டு கட்டாயம் நட்டம் ஆகும்.

தேவையானவை

கார்பைடு (எஃகைவிடக் கடினமான பொருள்) முனை ஸ்டட், நட்டின் அடியில் வைக்க அதற்கேற்ற பேக்கர் தகடு, நைலான் பூட்டு நட்டு. எஃகு முனை மலிவு, ஆனால் சாலையைக் குறுக்கே கடக்கும் இரண்டு மூன்று இடங்களிலேயே மொட்டையாகிவிடும்.

பேக்கரில் ஒற்றை, இரட்டை என இருவகை. இரட்டைத் தகடு இரண்டு ஸ்டட்டுகளை ஒன்றோடொன்று பிணைப்பதால் சாய்வது குறையும். தேய்ந்து மெலிந்த ரப்பரில் அது பெரிய உதவி. ஆனால் தகடு முழுவதும் ஒரே பிட்ச்சுக்குள் குறுக்காகப் படுக்க வேண்டும். இரண்டு பிட்ச்சுகளைப் பாலம் போல இணைத்தால், டிராக் பற்சக்கரத்தைச் சுற்றி வளையும்போது தகடு வளையாது, துளைதான் கிழியும். ஒற்றைத் தகடு என்றால் கையில் கிடைப்பதில் அகலமானதைப் போடுங்கள்.

துளைபோட உள்ளீடற்ற குழாய் வடிவக் கட்டர் வேண்டும். கால் அங்குலம், 7 மி.மீ. தண்டு கொண்ட ஸ்டட்டுகளுக்கு 9/32 அங்குலக் கட்டர் வழக்கம். உங்கள் ஸ்டட் பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். சாதாரணத் துரப்பண முனை ரப்பரை வெட்டாது, பிறாண்டும். நூலிழையைச் சுற்றி இழுத்துக் கந்தலாக்கும். அந்தக் கந்தல் வழியே ஈரம் உள்ளே போய் டிராக்கை அரிக்கும்.

இவற்றோடு வெள்ளி நிறப் பெயின்ட் பேனா, சோப்புத் தண்ணீர், ஒரு மரக்கட்டை, டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்), நட்டுக்கேற்ற நீளச் சாக்கெட், ஸ்டட்டின் மரையில் மாட்டி வெளியே இழுக்கும் கருவி. கடைசியாகச் சொன்ன கருவி சிறியது, ஆனால் 96 தடவை விரலால் தள்ளிப் பார்த்தால் அதன் அருமை தெரியும்.

குறியிடுதல்

சறுக்குத் தண்டவாளங்களோடு கூடிய சஸ்பென்ஷனைக் கழற்றிவிட்டால் டிராக்கின் உட்புறம் முழுதும் கைக்கு எட்டும், வேலை பாதியாகும். கழற்றுவதற்கு முன், உருளும் சக்கரங்கள் டிராக்கின் உள்முகத்தில் எந்தெந்த இடத்தில் ஓடுகின்றன என்று குறித்து வையுங்கள். ஸ்டட் தலை உட்புறத்தில் இருக்கும். அதன் மேல் சக்கரம் ஏறி இறங்கினால் தலையும் தேயும், சக்கரத்தின் ரப்பரும் உரியும்.

டிராக்கிலேயே ஸ்டட்டுக்கான புடைப்புகள் வார்க்கப்பட்டிருந்தால் துளை அங்கேதான். வேறு அமைப்பைத் தேட வேண்டாம். இல்லையென்றால் கீழே உள்ளது 15 அங்குல அகல டிராக்கின் நடுப்பட்டைக்குப் பொருந்தும். எண்கள் டிராக்கின் நடுக்கோட்டிலிருந்து மில்லிமீட்டரில்:

- வரிசை 1: இடம் 66, வலம் 6
- வரிசை 2: இடம் 42, வலம் 30
- வரிசை 3: இடம் 18, வலம் 54
- வரிசை 4: இடம் 54, வலம் 18
- வரிசை 5: இடம் 30, வலம் 42
- வரிசை 6: இடம் 6, வலம் 66

பிறகு மறுபடி வரிசை 1. ஒவ்வொரு வரிசையிலும் இரண்டுக்கும் இடைவெளி 72 மி.மீ. பன்னிரண்டு ஸ்டட்டும் 12 மி.மீ. இடைவெளியில் பன்னிரண்டு தனித்தனிக் கோடுகளில் ஓடும். இதுதான் முக்கியம். முன்னால் போன ஸ்டட் கீறிய பள்ளத்திலேயே பின்னால் வருவதும் விழுந்தால் அது எதையும் கடிக்காது, 96 ஸ்டட் போட்டு 40-இன் பலன்தான் கிடைக்கும்.

48, 54 இரண்டும் ஆறால் மீதமின்றி வகுபடும். 45 வரிசை டிராக்கில் ஏழு சுற்று முடிந்து மூன்று வரிசை மிஞ்சும். அவற்றில் 1, 2, 3-ஐப் போட்டு முடித்துவிடுங்கள்.

மேலே உள்ள எண்கள் வேதவாக்கு அல்ல. பின் அச்சின் நடுவில் ஒரு சக்கரம் உள்ள வண்டிகளில் 6 மி.மீ. கோடுகள் அதன் கீழே மாட்டும். பற்கள் வழிமறிக்கும் இடங்களிலும் தகடு சமமாக உட்காராது. அப்படிப்பட்ட கோட்டை, தகடு தட்டையாக உட்காரும் அளவுக்குப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். நகர்த்தியதை எல்லாச் சுற்றிலும் ஒரே மாதிரி செய்யுங்கள். குறுக்குக் கம்பி ஓடும் இடத்தில் மட்டும் துளை விழவே கூடாது. பெரும்பாலான டிராக்குகளில் கம்பி பல்வரிசையின் அடியில் இருக்கும், எனவே துளை இரண்டு பல்வரிசைகளுக்கு இடைப்பட்ட சமதளத்தில் விழ வேண்டும்.

கனமான அட்டை அல்லது பிளாஸ்டிக் தாளில் ஆறு வரிசைக்கும் ஓர் அச்சு வெட்டிக்கொண்டால், டிராக்கின் மேல் வைத்துப் பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டே போகலாம். தொடங்கிய வரிசையில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டுவையுங்கள்.

பழைய துளைகள் உள்ள டிராக் என்றால், விளிம்பு கெட்டியாக இருக்கும் துளையை மீண்டும் பயன்படுத்தலாம். விரலை விட்டால் நீளவாக்கில் விரியும் துளையை விட்டுவிட்டு, குறைந்தது 25 மி.மீ. தள்ளிப் புதுசு போடுங்கள்.

துளையிடுதல்

உட்புறம் மரக்கட்டையை முட்டுக் கொடுத்து, வெளிப்புறத்திலிருந்து துளையிடுங்கள். டிரில் மெதுவான வேகத்தில், டிராக்குக்குச் செங்குத்தாக. கட்டரைச் சோப்புத் தண்ணீரில் தோய்த்துத் தோய்த்துப் போடுங்கள். ஒவ்வொரு துளையிலும் சிறிய ரப்பர் குச்சி ஒன்று கட்டருக்குள் சிக்கும். நான்கைந்து சேர்ந்தால் கட்டர் வெட்டுவதை நிறுத்திவிட்டுத் தேய்க்கத் தொடங்கும், ரப்பர் கருகும் வாடை வரும். வாடை வருவதற்கு முன்பே குச்சிகளைக் கம்பியால் தள்ளி வெளியேற்றுங்கள். சரியாக வெட்டிய துளையின் சுவர் வழவழப்பாக இருக்கும், இழை எதுவும் துருத்தாது. செங்குத்தாக இல்லாமல் சாய்ந்த துளையில் ஸ்டட்டும் சாய்ந்துதான் நிற்கும், நட்டால் அதை நிமிர்த்த முடியாது.

பூட்டுதல்

உள்ளிருந்து ஸ்டட்டை நுழைத்து, வெளியே இழுக்கும் கருவியால் தலை ரப்பரைத் தொடும்வரை இழுங்கள். பேக்கர் தகடு, பிறகு நட்டு. தகட்டில் பற்கள் இருந்தால் அவை ரப்பரைப் பார்த்திருக்க வேண்டும்.

இம்பாக்ட் கன் வேண்டாம். நேரம் மிச்சமாகும்தான், ஆனால் எந்த நட்டு எவ்வளவு இறுகியது என்று தெரியாது. பெட்டியில் எழுதியுள்ள டார்க் அளவுக்கு ரெஞ்சால் இறுக்குங்கள். கண்ணுக்கு அடையாளம் இதுதான்: உட்புறத்தில் ஸ்டட் தலை ரப்பரின் பரப்போடு சமமாக அமர்ந்திருக்க வேண்டும். மேலே துருத்தினால் போதவில்லை. சுற்றிலும் ரப்பர் பிதுங்கி, தலை கிண்ணம் போலப் பள்ளத்தில் மூழ்கியிருந்தால் அதிகம். உள்ளே நூலிழை நசுங்கி அறுபடத் தொடங்கியிருக்கும். நைலான் நட்டு ஒரு தடவைக்குத்தான். கழற்றினால் புதிது போடுங்கள்.

டனல் காப்பு

திரவக் குளிர்விப்பு வண்டிகளில் டனலின் கூரையிலேயே ஹீட் எக்ஸ்சேஞ்சர் இருக்கிறது. சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும்போதும், வேகத்தில் டிராக் விசிறி எழும்பும்போதும் ஸ்டட் முனை அதைத் தொட்டால் குளிர்விப்பு நீர் கொட்டும், எஞ்சின் சூடேறி நிற்கும். டனல் காப்புப் பட்டைகள் இல்லாமல் ஸ்டட் போட்ட வண்டியை ஓட்டவே கூடாது. முன்பக்கம் தனி எக்ஸ்சேஞ்சர் இருந்தால் அதற்கும் காப்பு வேண்டும்.

வண்டிக்கென்று விற்கும் காப்புத் தொகுதியையே வாங்கி, தயாரிப்பாளர் விட்ட துளைகளில் பொருத்துங்கள். புதிதாக ரிவெட் துளை போட நேர்ந்தால் குளிர்விப்புக் குழாய் எங்கே ஓடுகிறது என்று பார்த்துவிட்டு டிரில்லை எடுங்கள். காப்புப் பட்டையே எக்ஸ்சேஞ்சரைத் துளைத்துவிட்டால் வேடிக்கையாகிவிடும். பட்டை டிராக்கின் பற்கள் மேல் உரசும் வகை என்றால், அதன் நேர்க்கோட்டில் ஸ்டட் எதுவும் வரக் கூடாது. இதை ஸ்டட் அமைப்பைக் குறிக்கும்போதே கணக்கில் கொள்ள வேண்டும்.

எல்லாம் மாட்டிய பின் டிராக்கைக் கையால் மூன்று சுற்று உருட்டிப் பாருங்கள். டிக் டிக் என்று ஏதாவது தட்டினால் நிறுத்தித் தேடுங்கள். ஸ்டாண்டில் வைத்து எஞ்சினை முடுக்கிச் சோதிப்பது வேண்டவே வேண்டாம். கழன்ற ஸ்டட் ஒன்று பின்னால் பறந்தால் தோட்டா மாதிரிதான். வண்டி ஓடும்போதும் பின்னால் யாரும் நிற்கக் கூடாது, பின்புறம் தொங்கும் பனித்தடுப்பு மடல் இருந்தே ஆக வேண்டும்.

ஸ்கீ, இழுவிசை, முதல் ஓட்டம்

பின்னால் பிடிப்பு கூடியதும் முன்னால் பிடிப்பு போதாமல் போகும். ஹேண்டிலைத் திருப்பினாலும் வண்டி நேராகவே தள்ளிக்கொண்டு போகும். ஸ்கீயின் (வண்டியின் முன்புறம் சறுக்கும் பலகை) அடிக்கம்பியில் தேய்ந்த கார்பைடு இருந்தால் ஸ்டட் போடும் அன்றே மாற்றுங்கள். 96 ஸ்டட்டுக்கு ஒவ்வொரு ஸ்கீயிலும் 6 அங்குலக் கார்பைடு என்பது நல்ல தொடக்கம். மாறாக, வளைவில் வண்டியின் பின்பகுதி வெளியே வீசினால் முன்னால் கார்பைடு கூடிவிட்டது.

டிராக்கின் தொய்வைக் கையேட்டில் உள்ளபடி வைத்து நேர்ப்படுத்துங்கள். தளர்ந்த டிராக் டனலை அடிக்கும், இறுகிய டிராக் சக்தியைத் தின்னும். தளர்ந்த பனி இல்லாத ஐஸில் நெடுநேரம் ஓட்டினால் சறுக்குத் தண்டவாளத்தின் அடியில் உள்ள பிளாஸ்டிக் உருகும், எக்ஸ்சேஞ்சரும் சூடாகும். இரண்டையும் குளிர்விப்பது டிராக் வாரியடிக்கும் பனித்துகள்தான். ஏரிப் பக்கம் அதிகம் போகிறவர்கள் ஐஸைச் சுரண்டித் துகளாக்கும் கம்பிகளைத் தண்டவாளத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும்.

முதல் 80 கி.மீ. ஓடியதும் எல்லா நட்டுகளையும் மறுபடி டார்க் ரெஞ்சால் பாருங்கள். ரப்பர் அமுங்கிப் படியும்போது நட்டு தானாகவே சற்றுத் தளரும். இரண்டாவது முறை இறுக்கிய பின் பெரும்பாலும் நின்றுவிடும்.

ஓட்டும் இடத்தின் விதியையும் பாருங்கள். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் தார் போட்ட பொதுப் பாதைகளில் உலோக ஸ்டட் வண்டிக்குத் தடை உள்ளது. டிரெய்லரிலும் கொட்டகைத் தரையிலும் பிளாஸ்டிக் வழித்தடம் போட்டுவிட்டால் பலகையும் பிழைக்கும், முனையும் பிழைக்கும்.

பிறகு வரும் கோளாறுகள்

ஸ்டட் பின்புறமாக வளைந்திருந்தால் அது நீளம் அதிகம், அல்லது கல், தார்ச்சாலையில் த்ராட்டிலைத் திருகிய விளைவு. நிமிர்த்த முயல வேண்டாம், மாற்றுங்கள். ஒரே கோட்டில் உள்ளவை மட்டும் தேய்ந்திருந்தால் டனலில் அந்தக் கோட்டுக்கு நேரே கீறல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடுங்கள். நட்டு இறுக்கமாக இருந்தும் ஸ்டட் ஆடினால் அடியில் துளை அகன்றுவிட்டது. அதைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் புதிதாகப் போட வேண்டும். அடுத்தடுத்த மூன்று நான்கு வரிசைகளில் இதே கதை என்றால் நூலிழை போய்விட்டது, டிராக்கை மாற்ற வேண்டிய நேரம். அப்படி மாற்றும்போது கார்பைடு முனை கூராக இருக்கும் ஸ்டட்டுகளைக் கழற்றி வையுங்கள், ஆனால் புது டிராக்கின் பல் உயரத்துக்கு அவை குட்டையாக இருக்கும் வாய்ப்பே அதிகம். மறுபடி காலிப்பரை எடுக்க வேண்டியதுதான்.